போனவன் பெயர்

எங்கள் லேபர் கேம்ப்பில் நாலு பிளாக், இரண்டாயிரத்துச் சொச்சம் ஆட்கள். செக்யூரிட்டி என்று நாங்கள் ஆறு பேர். துபாய் ஜெபல் அலியில் நல்ல கேம்ப்களும் உண்டு. எங்களுடையது சாக்கடை. பேச்சுக்குச் சொல்லவில்லை, பி பிளாக் கக்கூஸ் குழாய் உடைந்து நாலு மாதமாகத் தண்ணீர் படிக்கட்டு வழியாகத்தான் இறங்குகிறது. அதில் கால் வைத்துத்தான் நான் ரவுண்ட்ஸ் போக வேண்டும். படி முடிகிற இடத்தில் ஒருத்தன் தண்ணீர் பாட்டிலில் சாராயம் விற்பான். மாடியில் சீட்டாட்டம். நோன்புக்கு முன்னால் ஒரு சார்ஜருக்காக ஒருத்தன் இன்னொருத்தன் காதைக் கடித்துத் துப்பிவிட்டான். அந்தத் துண்டை டிஷ்யூவில் பொறுக்கிக் கொடுத்தது நான். எட்டு வருஷமாக இதுதான் என் உத்தியோகம். தூ.

திருட்டு தினசரி நடக்கும். செருப்பு, கேஸ் அடுப்பு, கொடியில் காய்கிற ஜட்டி என்று எதையும் விட மாட்டார்கள். முதல் வருஷம் நானும் துப்பறியப் புறப்பட்டு ஒருத்தனைப் பிடித்தேன். அவன் ஊர்க்காரர்கள் முப்பது பேர் வரிசையாக வந்து என் ரூம் கதவில் எச்சில் துப்பிவிட்டுப் போனார்கள். அதோடு அந்த ஆசை விட்டது. ஆனால் ஹெட் ஆபீஸுக்குப் போகிற ரிப்போர்ட்டில் 'எடுத்தவர்' என்ற கட்டம் காலியாக இருக்கக் கூடாது. இருந்தால் கேம்ப் பாஸ் கோபாலசாமிக்கு மெமோ வரும். மெமோ வாங்க அவருக்கு மனசில்லை.

"ஃபைனலா ஊருக்குப் போயிட்டவன் பேர எழுதுய்யா. அவன் என்ன திரும்பி வந்தா கேக்கப் போறான்? கேஸ் கிளோஸ், கலாஸ்" என்றார்.

எழுதினேன். இந்த எட்டு வருஷத்தில் நாற்பது பேரையாவது திருடனாக்கியிருப்பேன். அவனவன் ஊரில் பெண்டாட்டி பிள்ளையோடு இருப்பான், பெயர் மட்டும் இங்கே நாறிக்கொண்டிருக்கும். யாருக்கு என்ன நஷ்டம் என்று நன்றாகத் தூங்கினேன்.

யார் வேலையை முடித்துக்கொண்டு ஃபைனலில் போகிறான், யார் லீவில் போகிறான் என்று ஆபீஸில் கேட்டால் பதில் வர ஒரு வாரமாகும். கேட்டில் நிற்கிறவனுக்கு அதெல்லாம் தேவையில்லை, மூட்டையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். லீவில் போகிறவன் கம்பளி, தட்டு, டூட்டி ஷூ எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டுப் போவான். ஃபைனலில் போகிறவன் கம்பளியைக்கூட விட மாட்டான்.

போன மாதம் மெஸ்ஸில் சார்ஜுக்குப் போட்டிருந்த பதினோரு போன்கள் ஒரே மத்தியானத்தில் காணாமல் போயின. மறுநாள் காலையில் உடையப்பன் கேட்டைத் தாண்டிப் போனான். சிவகங்கைப் பக்கத்து ஆள், கம்பி கட்டுகிறவன், ஒரு வம்புக்கும் போகாதவன். தோளில் கம்பளி, கையில் ரைஸ் குக்கர். எனக்கு அது போதும். ரிப்போர்ட்டில் அவன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

போன வெள்ளிக்கிழமை மூன்று மணி வெயிலில் அவன் அதே மூட்டையோடு கேட்டில் வந்து நின்றான்.

"கார்டு வச்சா செவப்பு எரியுதுண்ணே. மிஷின் ரிப்பேரா?"

"நீ ஃபைனல்ல போகலையா?"

"யாரு சொன்னா? எம் பொண்டாட்டி கருப்பாயிக்கு வயித்துல ஆபரேஷன்னு எமர்ஜென்ஸி லீவுல போனேன். இப்பத்தான் எந்திரிச்சு நடக்குறா. நான் இங்க டூட்டி பாத்தாத்தான் அவளுக்கு மருந்து."

"அப்ப கம்பளிய எதுக்குய்யா தூக்கிட்டுப் போன?"

அவன் என்னை விவரம் தெரியாதவனைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"இங்க வச்சுட்டுப் போனா இருக்குமாண்ணே?"

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. நான் காவல் காக்கிற கேம்ப்பில் ஒரு பழைய கம்பளியை நம்பி வைக்க முடியாது. அதனால் அவன் சுமந்து போனான். அதைப் பார்த்து நான் அவனையே திருடனாக்கிவிட்டேன்.

கோபாலசாமியின் அறைக்கு ஓடினேன். அவர் பிரியாணி தின்றுவிட்டுப் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"விசா கேன்சலுக்குக் குடுத்தாச்சு. வேன் வருது, சாயங்காலமே அவன ஃபிளைட் ஏத்தி விட்ருவாங்க" என்றார்.

"சார், தப்பா எழுதிட்டேன்னு ஒரு லெட்டர் குடுத்தா நின்னுரும் சார்."

"தாராளமா குடு. ஒண்ணு தப்புன்னா மிச்ச நாப்பதையும் தோண்டுவான். அப்புறம் அந்த வேன்ல நீயும் நானுந்தான் போவோம்." குச்சியில் வந்த இறைச்சித் துணுக்கைப் பார்த்துவிட்டு மறுபடி வாயில் போட்டுக்கொண்டார்.

மேஜையில் தாள் இருந்தது. பேனாவை எடுத்தேன். என் மகள் ஸ்வாதிக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு பாக்கி. பேனாவை வைத்துவிட்டேன். கோபாலசாமியைப் பார்த்து அருவருப்புப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

வெளியே வந்து, "உன் மேல போன் திருட்டு ரிப்போர்ட் இருக்கு. விசா கேன்சல்" என்றேன். உடையப்பன் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டான்.

"யாருண்ணே என் பேரக் குடுத்தது? ஒங்களுக்குத் தெரியாம இருக்காது. அத மட்டும் சொல்லிருங்க."

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"விஜயபாஸ்கர்" என்றேன்.

அவனுடைய ரூம்மேட். ஐந்து வருஷம் ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டவர்கள். பத்து நாள் முன்னால் விஜயபாஸ்கர் ஃபைனலில் ஊருக்குப் போய்விட்டான். எட்டு வருஷப் பழக்கம், பெயர் தானாக வந்து விழுந்தது. உடையப்பன் அங்கேயே போனை எடுத்து ஊருக்கு அடித்து ஸ்பீக்கரில் போட்டான். ஓடிவிடலாமா என்றிருந்தது எனக்கு.

"எம்புள்ள மேல சத்தியமாடா உடையப்பா, நான் ஒன்னப் பத்தி ஒரு வார்த்த சொல்லல. எவன்டா சொன்னான்?" எதிர்முனையில் விஜயபாஸ்கர் அழுதான்.

"செக்யூரிட்டி அண்ணன் சொல்றாரு. அவருக்கும் எனக்கும் என்னடா பகை, அவரு ஏன் பொய் சொல்லணும்?" என்று கேட்டுவிட்டு உடையப்பன் லைனை வெட்டினான். அந்த நம்பரையும் அழித்தான்.

வேன் வந்து ஹாரன் அடித்தது. அவன் எழுந்து என் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"நீங்களாச்சும் மறைக்காம சொன்னீங்கண்ணே. இல்லாட்டி அவன இன்னும் நல்லவன்னே நெனச்சுக்கிட்டு இருந்திருப்பேன்."

கையை உருவிக்கொண்டு அவன் மூட்டையைத் தூக்கி வேனுக்குள் வைத்தேன். அவன் ஏறினான். கதவைச் சாத்தியதும் நான்தான்.