ஹாம்பர்கில் நெத்திலித் தொக்கு

சனிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு வந்ததும் ஹபீப் முகம்மது கைலி நுனியால் வெப்கேமின் கண்ணைத் துடைத்துத் திரையின் தலையில் மாட்டினார். "நல்ல சேலையா ஒண்ணு உடுத்திக்கிட்டு வா அஸ்மத். வெள்ளக்காரப் புள்ளைங்கள்லாம் பாக்குதாம்" என்று அடுப்படியை நோக்கிக் குரல் கொடுத்தார். அஸ்மத் பீவி சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே தேய்த்து வைத்த சட்டிதான்.

மகன் நிஜாம் மேற்படிப்புக்கு ஹாம்பர்க் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. வாரா வாரம் ஃபோனில் படிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வான், மிச்சமெல்லாம் சாப்பாடுதான். செங்கல் மாதிரி ஒரு கறுப்பு ரொட்டி, புளிக்குமாம். முதலில் துப்பினானாம், இப்போது அது இல்லாமல் முடியவில்லையாம். ஒரு பாலாடைக்கட்டி, நாற்றம் தாங்காமல் பால்கனியில் வைத்துத்தான் தின்பார்களாம். துறைமுகத்துச் சந்தையில் உப்பிலும் வினிகரிலும் ஊறின மீனை வேகவைக்காமல் வெங்காயத்தோடு பன்னுக்குள் வைத்துக் கொடுக்கிறார்களாம். "நாத்தத்துக்குப் பழகிட்டா, அதுலதான் உம்மா ருசியே இருக்கு" என்றான் ஒருநாள். ஹபீப் முகம்மது அதைத் தன் மளிகைக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அஸ்மத் பீவியால் மட்டும் சிரிக்க முடியவில்லை. எந்த வேலையில் இருந்தாலும் அந்த வாக்கியம் வந்து நின்றது. நாற்றத்துக்குப் பழகிவிட்டானாம்.

இந்த அரபு நாட்டில், அப்பாசியாவில், இதே கட்டடத்தில் இருந்துகொண்டுதான் அவன் ஆறாம் வகுப்புப் படித்தான். கீழக்கரையிலிருந்து யாராவது லீவு முடிந்து திரும்பும்போது அவளுடைய லாத்தா, கூடப்பிறந்த மூத்தவள், நெத்திலிக் கருவாடு கொடுத்துவிடுவாள். அதைத் தலை கிள்ளி, மண் போக அலசி, சின்ன வெங்காயமும் பூண்டும் போட்டுச் சுருளச் சுருள வதக்கித் தொக்கு வைப்பாள். சோற்றில் பிசைந்து மகனின் டிஃபனில் அடைத்துக் கொடுப்பாள். டப்பா தினமும் காலியாகத்தான் திரும்பி வந்தது. அவளுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். கட்டடத்தின் காவலாளி, ஒரு எகிப்துக்காரர், ஒருநாள் அவளைக் கையைக் காட்டிக் கூப்பிட்டுப் பின்பக்கம் அழைத்துப் போனார். பள்ளிக்கூட பஸ் வந்து நிற்கும் நேரம். குப்பைத் தொட்டியைச் சுற்றிப் பூனைகள் வாலைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தன. நிஜாம் வந்தான், டப்பாவைத் திறந்தான், கவிழ்த்தான்.

வீட்டுக்கு வந்து கேட்டபோது அவன் அழவுமில்லை, பயப்படவுமில்லை. "எல்லாரும் மூக்கப் பொத்துறாங்க. உங்க மேலயும் அதே வாடைதான். யூ ஸ்மெல், உம்மா. பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு வாப்பா மட்டும் வரட்டும்" என்றான். அவன் பள்ளிப் படிப்பை முடிக்கும்வரை அவள் அந்தப் பள்ளிக்கூட வாசலை மிதிக்கவில்லை. "புள்ளைக்குப் புடிக்கலேன்னா விட்டுத் தொலையேன், கோழி ஆக்கு" என்றார் ஹபீப் முகம்மது. விட்டுத் தொலைத்தாள். ஊரிலிருந்து வரும் பொட்டலங்களைப் பிரிக்காமலேயே பக்கத்து ஃபிளாட் நஸீராவிடம் கொடுத்துவிடுவாள். அஸ்மத் பீவிக்கும் அது பிடிக்கும், அவளுக்கும் நாக்கு இருக்கிறது என்பது அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

போன வாரம் நிஜாம் ஃபோனில், இலங்கைத் தமிழர் கடை ஒன்றில் நெத்திலிக் கருவாடு கிடைத்திருக்கிறது, தொக்கு எப்படி வைப்பது என்று கேட்டான். அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஃபோனை வைத்த பிறகு ஆத்திரப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் அடுப்படியிலேயே நின்றாள்.

இப்போது திரையில் ஒரு நீளமான சமையலறை தெரிந்தது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர். நடுவில் நிஜாம், கையில் வாணலி. அஸ்மத் பீவி உடுத்தியிருந்த சேலையோடேயே வந்து உட்கார்ந்தாள். மகள் ஃபஸ்னா நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"உம்மா! கரெக்டா வந்துருச்சு! எல்லாரும் ரெண்டாந்தரம் வாங்கித் தின்னுட்டாங்க" என்றான் நிஜாம். பிறகு நண்பர்கள் பக்கம் திரும்பி இங்கிலீஷில் பேசினான். மதர், ஃப்ரைடே, சைல்ட்ஹுட் என்று அவளுக்குப் பிடிபட்ட சொற்கள் சில வந்தன. கண்ணாடி போட்ட ஒரு பெண் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அஸ்மத் பீவியைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"என்ன சொல்றான்?" என்று ஃபஸ்னாவைக் கேட்டாள்.

ஃபஸ்னா தயங்கினாள். "நீங்க ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இத ஆக்குவீங்களாம். நிஜாம் காக்கா இதத் தின்னுதான் வளந்துச்சாம். இந்த ஸ்மெல் வந்தா வீட்டு ஞாபகம் வந்து அழுகை வருமாம்."

ஹபீப் முகம்மது பூரித்துப்போய் "ஆமா, ஆமா" என்று திரையைப் பார்த்துக் கையாட்டினார். அஸ்மத் பீவிக்குக் காது மடல் சுட்டது. தூக்கிக் கொட்டியதைக்கூட அவள் ஒருமாதிரி பொறுத்துக்கொண்டிருந்தாள். குழந்தை, வெட்கப்பட்டான். இது வேறு. தன்னிடமிருந்து பிடுங்கி எறிந்த ஒன்றை எடுத்துத் தூசி தட்டி, தனக்கு முன்னாலேயே யாருக்கோ காட்டிப் பெருமைப்படுகிறான்.

"நிஜாம், நீயா தின்னு வளந்த?" என்றாள். "குப்பைத்தொட்டிப் பூனையில்ல தின்னு வளந்துச்சு? சொல்லு அவங்கள்ட்ட. உம்மா மேல நாறுது, ஸ்கூல் பக்கம் வராதேன்னு சொன்னியே, அதையும் சேத்துச் சொல்லு."

நிஜாமின் சிரிப்பு அப்படியே இருந்தது. திரும்பி அவர்களிடம் ஏதோ சொன்னான். எல்லோரும் உருகிப்போய் 'ஓ' என்றார்கள். ஒருவன் கைதட்டினான்.

"என்னடா சொன்ன?"

"நீங்க என்னைய நெனச்சுத் தேடுறீங்கன்னு சொன்னேன். விடுங்க உம்மா, ப்ளீஸ்."

"ஃபஸ்னா, நீ சொல்லு. நான் சொன்னது எல்லாத்தையும்."

"அஸ்மத், புள்ள மானத்த வாங்காத" என்று ஹபீப் முகம்மது மௌஸை நோக்கிக் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். முப்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் அப்படிச் செய்ததில்லை. "எனக்கு மானம் இல்லியா? அன்னிக்கு நீங்க எங்க போயிருந்தீங்க? கோழி ஆக்குன்னு சொன்ன வாய்தானே இது?"

ஃபஸ்னா வாப்பாவைப் பார்த்தாள், உம்மாவைப் பார்த்தாள். பிறகு குனிந்து மைக்கின் பக்கம் வாயைக் கொண்டுபோய், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பவளைப் போல ஒரே சீராகச் சொல்லி முடித்தாள். பூனைகளைக்கூட விடவில்லை. இடையில் "ஃபஸ்னா, ஷட் அப்" என்று நிஜாம் கத்தியது விட்டுவிட்டுக் கேட்டது. அங்கே ஒவ்வொரு முகமாகச் சிரிப்பு நின்றது. கண்ணாடி போட்ட பெண் நிஜாமிடம் மெல்ல ஏதோ கேட்டாள். அவன் அவள் பக்கம் திரும்பாமல் கேமராவைப் பார்த்தான்.

"எல்லாருக்கும் முன்னாடி ஏன் உம்மா?" என்றான்.

"எல்லாருக்கும் முன்னாடிதானே நீயும் சொன்ன."

அவன் வாணலியின் ஓரத்தை விரலால் வழித்தான். "இப்ப எனக்கு உண்மையாவே புடிச்சிருக்கு. அது பொய்யில்ல."

"புடிச்சாத் தின்னு. என் பேரச் சொல்லாமத் தின்னு."

சொல்லிவிட்டாள். ஆனால் ஆத்திரம் இறங்கவில்லை. இத்தனை வருடம் அடக்கி வைத்தது வெளியே வந்தால் உடம்பு லேசாகும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை. எழுந்து போகவும் முடியவில்லை. மகன் கன்னம் ஒட்டிப்போயிருந்தான். அதைப் பார்க்கப் பார்க்க இன்னும் கோபம் வந்தது.

அங்கே மேசையின் கோடியில் இருந்த உயரமான பையன் ஒருவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். நேராகப் போய், நிஜாமுக்குப் பின்னால் இருந்த பெரிய ஜன்னலின் கைப்பிடியைத் திருகி அகலத் திறந்துவிட்டான். நிஜாமின் தோள் சட்டென்று இறுகியது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அஸ்மத் பீவி திரையை நோக்கிச் சாய்ந்தாள். "எவன்டா அவன்? எதுக்கு இப்ப ஜன்னலத் தொறக்குறான்? வாடைக்கா?"

நிஜாம் வாணலியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றான். திறந்த ஜன்னல் வழியாகப் பனித்தூள் சிதறி உள்ளே வந்து, மேசை மேல் பாதி தின்று வைத்திருந்த தட்டுகளில் விழுந்துகொண்டிருந்தது.