எனிகா கொடுத்த பானை

1

இந்தக் கதை ஒரு பொய்க்கு முட்டுக் கொடுப்பதற்காகப் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்து என்னைத் திட்டுவதைவிட இது மேல்.

பொய் என்னுடையது அல்ல, வெர்னன் லாக்ஸ்டனுடையது. லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். சனி, ஞாயிறுகளில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, உலோகம் தேடும் டிடெக்டரைத் தரையோடு வீசி வீசி, பெரில் வாவல்ஸின் மேய்ச்சல் நிலத்தில் நடப்பார். பதினோரு வருடம் நடந்ததில் டிராக்டர் ஆணிகளும் பித்தளைப் பொத்தான்களும் யாருடைய பல்செட்டிலிருந்தோ விழுந்த கம்பி ஒன்றும் கிடைத்தன. இந்த மார்ச்சில் ரோமானியர் காலத்துப் பானை ஒன்று கிடைத்தது. உள்ளே ஒன்பதாயிரத்துச் சொச்சம் காசுகள்.

அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து உடைந்த பானைகளை ஒட்டுவது என் வேலை, வாரத்துக்கு மூன்று நாள். அந்தப் பானை என் மேசைக்கு வரும்போது வாழைப்பழ அட்டைப்பெட்டி ஒன்றில் பத்தொன்பது துண்டுகளாக இருந்தது. காசுகள் தனியாக மூன்று வாளிகளில்.

தான் கையே வைக்கவில்லை என்றார் வெர்னன். மேல் மண்ணை ஒதுக்கியபோதே பானை பொலபொலவென்று கிடந்ததாம். பெரிலிடமும் அதையே சொல்லியிருக்கிறார். அங்கேதான் வினை. பதினோரு வருடத்துக்கு முன் தன் நிலத்தில் நடக்க அனுமதி கொடுத்தபோது பெரில் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: மண்வெட்டி ஆழத்துக்குக் கீழே எது தென்பட்டாலும் தொடக் கூடாது, அவளைக் கூப்பிட வேண்டும். காசுகள் அடுக்கடுக்காகக் கிடந்தபடியே வெளியே வந்திருந்தால், ஒரே நாளில் கொட்டியவையா, பல வருடம் சேர்த்தவையா என்று தெரிந்திருக்கும். வாளியில் அள்ளிய பிறகு கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது.

பெரில் எனக்கு போன் செய்தாள். சுற்றி வளைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"உடைஞ்சது பழசா புதுசான்னு நீ எழுதிக் குடு. பழசுன்னா அவன் நடக்கட்டும். புதுசுன்னா எங்கிட்ட பொய் சொல்லியிருக்கான். கேட்டைப் பூட்டிட்டு சாவியை எடுத்து வெச்சிக்கிறேன்."

இந்த ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. முதல் குளிர்காலத்தில் என் கார் ரீனுக்குள் இறங்கியபோது (வயலோர வாய்க்காலை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) கயிறு கட்டி இழுத்தவர் வெர்னன். அதனால் எழுதிக் கொடுக்க வேண்டிய படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு கதையை எழுத ஆரம்பித்தேன். செய்யக் கூடாத வேலை என்று எனக்கே தெரியும்.

2

முதல் தொடக்கம்: "கி.பி. 293-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், பிரித்தானிய மாகாணத்தின் தென்மேற்கே"

(அடித்துவிட்டேன். ஆண்டு போட்டவுடன் பாடப்புத்தக வாடை வந்துவிடுகிறது.)

இரண்டாவது: "கடற்கொள்ளையர் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அந்தச் செல்வந்தர் தன் காசுகளையெல்லாம் ஒரு பானையில் போட்டு, யாரும் பார்க்காத நேரத்தில்"

(இதையும் நிறுத்திவிட்டேன். பயம், புதையல், திரும்பி வராத சொந்தக்காரர். எல்லோரும் இதைத்தான் எழுதுகிறார்கள். எனக்குப் பயந்த ஆள் வேண்டாம். இந்த மேசையில் பானைகளை ஒட்டி ஒட்டி எனக்குள் ஒரு நம்பிக்கை ஊறிவிட்டது: இவற்றில் பாதியையாவது ஊர் கூடி, பட்டப்பகலில், பேசிச் சிரித்துக்கொண்டுதான் புதைத்திருப்பார்கள். நிரூபிக்கச் சொல்லாதீர்கள்.)

மூன்றாவது: "எனிகாவிடம் இரண்டு பெரிய பானைகள் இருந்தன. ஒன்று நல்லது. இன்னொன்றின் அடியில் விரிசல்."

இது நின்றது. ஏன் நின்றது என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். ஆயிரத்து எழுநூறு வருடத்துக்கு முன்பே பானை விரிசல் விட்டிருந்தால், வெர்னன் சொன்னது உண்மையாகிவிடும்.

3

எனிகாவிடம் இரண்டு பெரிய பானைகள் இருந்தன. ஒன்று நல்லது. இன்னொன்றின் அடியில் விரிசல்.

நல்லது நல்லதாக வருவதற்கு அவள் ஆறு முறை முயன்றிருந்தாள். ஐந்து சூளையிலேயே பிளந்தன. விரிசல் விட்டது அந்த ஐந்தில் ஒன்று. ஆறாவது பானை முழங்கால் உயரம், சாம்பல் நிறம், சுண்டினால் கணீரென்று நாதம். வீட்டு வாசலில் அதை வைத்திருந்தாள். வருகிறவர்கள் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்காதவர்களை அவள் கூப்பிட்டுக் காட்டினாள்.

மூன்று வருடமாக ஆறு கரை மீறி, பார்லி நின்ற இடத்திலேயே அழுகியது. சதுப்பில் குடியிருக்கும் தெய்வத்துக்கு வீட்டுக்கு ஒரு கிண்ணம் காசு கொடுப்பதென்று ஊரில் முடிவானது. பெரிய பானையை எனிகா தர வேண்டும். முதலில் குழி, பிறகு குழிக்குள் வெறும் பானை, சுற்றிலும் பெரணித் தழை. அதற்கப்புறம்தான் ஒவ்வொருவராக வந்து காசைக் கொட்டுவார்கள். நிரப்பிவிட்டுத் தூக்கினால் எந்தப் பானையும் தாங்காது என்பது அவர்களுக்குத் தெரியும்.*

எனிகாவின் நாத்தனார் லோவர்னிஸ்கா வந்து இரண்டு பானைகளுக்கும் நடுவே நின்றாள்.

"எதைக் குடுக்கப் போறீங்க அண்ணி?"

"பெருசாக் கேட்டிருக்காங்க."

"ரெண்டும் பெருசுதானே. மண்ணுக்குள்ள போறதுக்கு எதுக்கு நல்லது? விரிசலை அடைச்சுக் குடுத்து விடுங்க. சாமி என்ன அடியைத் தட்டியா பார்க்கப் போகுது?"

"பார்த்தா?"

"மூணு வருஷமா எங்க அடுப்புக்குள்ள தண்ணி விட்ட உனக்கு இதுவே அதிகம்னு சொல்லுங்க."

எனிகா சிரித்துவிட்டாள். பிறகு பூர்ச்ச மரப்பட்டையைக் காய்ச்சி, கறுப்பாகக் கொழகொழவென்று வந்த பிசினை விரலில் எடுத்து, விரிசலின் மேல்

(இந்த வாக்கியத்தை ஏன் முடிக்கவில்லை என்பதற்குக் கீழே வருகிறேன். லோவர்னிஸ்கா என் திட்டத்தில் இல்லாதவள். அவளாகவே வந்தாள். வந்ததில் எனக்குப் பரம சந்தோஷம்.)

* வெர்னனுக்கும் தெரியும். டிடெக்டர்காரர்களின் கிளப்பில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு "வாய் விளிம்பைப் பிடித்துத் தூக்காதே" என்று பாடம் எடுப்பவரே அவர்தான்.

4

பிசினுக்கு ஆதாரம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஒரு நகத்தின் நீளத்துக்கு.

பழைய உடைப்பின் விளிம்பு மழுங்கி, மண்ணின் நிறம் ஏறிப்போயிருக்கும். புதிய உடைப்பு வெளிறி, விரலைக் கிழிக்கிற மாதிரி கூராக இருக்கும். விளக்கைக் கிட்டே இழுத்துப் பத்தொன்பது துண்டுகளையும் பார்த்தேன். பதினெட்டு துண்டுகளின் விளிம்புகள் வெளிறிக் கிடந்தன. அடித்துண்டு ஒன்றில் மட்டும் ஒரு கறுப்புக் கோடு. அது பிசினாக இருக்கலாம். மண்ணிலிருந்து ஏறிய கறையாகவும் இருக்கலாம். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். அந்த நகமளவு கோட்டின் மேல் ஒரு பெண்ணையும், அவள் நாத்தனாரையும், ஓர் ஊரையும் ஏற்றி வைத்திருந்தேன்.

அதைவிட மோசம், எனக்கு எனிகாவின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஆறு முறை முயன்றவள் அவள். பார்க்காதவர்களைக் கூப்பிட்டுக் காட்டுகிறவள். ஊரே கூடி நிற்கும் இடத்துக்குப் பிசின் பூசிய பானையைத் தூக்கிக்கொண்டு போவாளா? நான் எழுதிய பெண் நான் எழுதிய காரியத்தைச் செய்யமாட்டாள் என்று பட்டது. ஆனால் அவள் செய்யாவிட்டால் வெர்னன் மாட்டிக்கொள்வார். உயிரோடு இருக்கிற மனிதருக்காக, இல்லாத ஒருத்தி கொஞ்சம் மானம் இழந்தால் என்ன?

(இதை எழுதிய அன்று எனக்கு அது நல்ல நியாயமாகவே தெரிந்தது.)

படிவத்தை நிரப்பவில்லை. கதையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

5

வியாழக்கிழமை மத்தியானம் பெரில் எங்கள் இருவரையும் வரச் சொல்லியிருந்தாள். பால் வண்டி போய்விட்டிருந்தது. சமையலறை மேசையில் ரொட்டி, செடார் பாலாடைக்கட்டி, வினிகரில் ஊறிய வெங்காயம், அவள் வீட்டிலேயே போட்ட ஆப்பிள் சைடர். சண்டை போடுவதற்காகக் கூப்பிட்டவர்களுக்கும் சாப்பாடு போடுகிற ஊர் இது. எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனதே அதனால்தான்.

படிவம் எங்கே என்று பெரில் கேட்டாள். அதற்கு முன்னால் ஒன்று வாசிக்கிறேன் என்றேன். வாசித்தேன். லோவர்னிஸ்கா பேசிய இடத்தில் பெரில் வாய்விட்டுச் சிரித்தாள், அவளுக்கும் அப்படி ஒரு நாத்தனார் உண்டு. வெர்னன் சிரிக்கவில்லை. ரொட்டியையும் தொடவில்லை. எனிகா பிசினை விரலில் எடுக்கிற இடம் வந்தது.

"நிறுத்தும்மா," என்றார்.

நிறுத்தினேன்.

"அந்தப் பொண்ணு மேல பழி போடாத. பானை நல்லாத்தான் இருந்துச்சு. சுத்தி மண்ணை எடுத்துட்டு, கையால அடி வரைக்கும் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் கிடையாது. அப்புறம்தான் வாயைப் பிடிச்சுத் தூக்குனேன். அடியில டொக்குன்னு ஒரு சத்தம்."

எனிகா என்று யாரும் இல்லை, அது நான் கட்டிய கதை என்று சொன்னேன்.

"பேரு நீ வெச்சதா இருக்கலாம். பானையை யாரோ ஒருத்தர் செஞ்சுதானே இருக்காங்க? அவங்க ஒழுங்காத்தான் செஞ்சிருந்தாங்க. ஓட்டைப் பானைன்னு எழுதுனா எப்படிம்மா?"

பெரில் கத்தியைக் கீழே வைத்தாள். அவள் சத்தம் போடுகிறவள் இல்லை.

"ஏன் என்னைக் கூப்பிடல?"

"கூப்பிட்டா நீ வருவ. தொல்லியல் ஆபீசருங்க வருவாங்க, கயிறு கட்டுவாங்க, தள்ளி நில்லுன்னுவாங்க. பதினோரு வருஷம், பெரில். அஞ்சு நிமிஷம் நான் மட்டும் பார்க்கணும்னு தோணிடுச்சு."

"பார்த்தியா?"

"பார்த்தேன்."

"அப்புறம் எதுக்குப் பொய் சொன்ன?"

"நீ கேட்டைப் பூட்டிருவியே."

எனக்கு வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது. அதோடு, சொல்லக் கூடாதுதான், உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. நான் காப்பாற்றப் போனவர் என் உதவி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இது இனி அவர்கள் இருவருக்குள் என்று பட்டது. காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவர்கள் இருவரும் மேசையை விட்டு எழவில்லை.

6

அடுத்த நாள் படிவத்தை நிரப்பினேன். பதினெட்டு துண்டுகள்: புதிய உடைப்பு. அடித்துண்டு ஒன்று: தெரியவில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். இரண்டு நிமிட வேலை. இதற்குப் போய் மூன்று வாரம் கதை எழுதியிருக்கிறேன்.

அப்புறம் மூன்றாம் பகுதிக்குத் திரும்பி, முடிக்காமல் விட்ட அந்த வாக்கியத்துக்கு வந்தேன். அதை முடிக்கப் போவதில்லை. அதற்குப் பதிலாக இது:

எனிகா பிசின் சட்டியை இறக்கி வைத்தாள். வாசலில் இருந்த நல்ல பானையைத் துடைத்தாள்.

"பைத்தியமா அண்ணி உங்களுக்கு? மண்ணுக்குள்ள யாரு பார்க்கப் போறா?"

"இங்கேருந்து குழி வரைக்கும் நான்தானே தூக்கிட்டுப் போறேன். அந்தத் தூரம் போதும்."

தூரம் அதிகமில்லை. ஆனாலும் அவள் நேர்வழியில் போகவில்லை, எல்லா வீட்டு வாசலையும் தொட்டுக்கொண்டு சுற்றிப் போனாள். லோவர்னிஸ்கா தலையில் அடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள், தன் வீட்டுக் காசுக் கிண்ணத்தோடு.

எனிகாவின் கதை இவ்வளவுதான். எனக்கு இது திருப்தி. பத்தொன்பது துண்டுகளில் பன்னிரண்டை ஒட்டிவிட்டேன். சுண்டிப் பார்க்க இன்னும் தைரியம் வரவில்லை.

பெரில் என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். முடிவுகள் எழுதிப் பார்க்காமல் இல்லை.

(அ) பெரில் ஒன்றும் சொல்லாமல் வெர்னனின் தட்டில் இன்னொரு துண்டு பாலாடைக்கட்டியை வைக்கிறாள். எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரிலைத் தெரிந்தவர்கள் யாரும் நம்பமாட்டார்கள்.

(ஆ) பூட்டிவிடுகிறாள். வெர்னன் டிடெக்டரை விற்றுவிட்டு மீன் பிடிக்கப் போகிறார். நடக்கக்கூடியதுதான், ஆனால்

(இ) ஒரு வருடம் கழித்துத் திறக்கிறாள். நீதிமன்றத் தீர்ப்பு வாடை.

நேற்று வேலைக்கு வரும் வழியில் அந்த கேட்டைப் பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது. ஆனால் உள்ளே மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. மாடுகள் இருந்தால் அது எப்போதும் பூட்டித்தான் இருக்கும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அவர்களிடம் போய்க் கேட்கலாம். கேட்கப் போவதில்லை. ஒருமுறை நுழைந்து பட்டது போதும்.

ஆகவே நீங்கள் பெரிலின் நாற்காலியில் உட்காருங்கள். எதிரே இருப்பவர் உங்கள் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னவர். முன்பின் தெரியாத, ஒருவேளை இல்லவே இல்லாத ஒரு பெண்ணின் பேர் கெடக் கூடாதென்று, கேட்காமலே உண்மையைச் சொன்னவரும் அவரே. தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். சாவி உங்கள் ஏப்ரன் பையில் இருக்கிறது.