நெஞ்சுக்குள் வந்த காற்று

எங்கள் குடும்பத்தில் ஆஸ்துமாவைக் குறிக்கும் ‘முட்டு’ என்ற சொல்லை வெளியாள் காதில் விழும்படி யாரும் சொல்வதில்லை. முட்டு இருக்கிற பெண்ணுக்குச் சம்பந்தம் வராது. மகள் யதுர்ஷிகாவுக்கு மூச்சு இழுக்கும்போதெல்லாம் ‘சளி’ என்றே சொல்லிவந்தோம்.

ஓமந்தையிலிருந்து மாப்பிள்ளையின் தாய் விமலேஸ்வரி பெண் பார்க்க வந்த அன்றும் அப்படித்தான் சொன்னேன். ஒரு கிழமையாக மகளுக்குக் காய்ச்சலும் இருமலும். பக்கத்து வயலில் நெல் வெட்டும் மெஷின் ஓடி, தூசி முற்றமெல்லாம் பறந்தது. தேநீர்த் தட்டோடு வந்தவள் மூச்சுக்குத் தவித்து நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் வந்த வான் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். விமலேஸ்வரியும் கூடவே வந்தார்.

டொக்டர் ஸுஹறா என் மகளைவிடச் சற்று மூத்தவராக இருப்பார்.

“ஐயா, முந்தியும் இப்பிடி இழுத்ததோ?”

“இல்லைப் பிள்ளை. இது வெறும் சளி.”

“மூச்சுக்குழாயில சளியும் கிருமியும் இருக்குத்தான். முதல்தரம் எண்டால் அதோட மாறியிடும். அடிக்கடி இழுக்கிறதெண்டால் உள்ளுக்க முட்டு இருக்கு. வாற ஒவ்வொரு சளியும் அதை எழுப்பிவிடும். அதுக்கு மருந்து வேற. கேளுங்கோ.”

தன் காதிலிருந்த குழாயைக் கழற்றி என் காதில் மாட்டினார். மகளின் முதுகுக்குள் எத்தனையோ சீழ்க்கைகள், ஒன்றையொன்று நெரித்தபடி.

முகமூடி வைத்து மகளுக்குப் புகை மருந்து பிடித்த பிறகு மறுபடி கேட்கச் சொன்னார். சீழ்க்கைகள் ஒவ்வொன்றாக அடங்க, காற்று வந்தது. குளத்தின் மேலிருந்து வயலுக்கு இறங்கும் காற்றைப்போல அகலமாக, தடையில்லாமல். இந்தச் சின்ன உடம்புக்குள் இவ்வளவு பெரிய வெளியா?

“ஐயா, உண்மையைச் சொன்னால்தான் அடுத்தமுறை வராமல் காப்பாற்றலாம்.”

“முட்டுத்தான்,” என்றேன். “சின்ன வயசில இருந்து இருக்கு. எங்கட அப்பாவுக்கும் இருந்தது.”

“நல்ல சளிதான் சொன்னனீங்கள்!” என்றார் விமலேஸ்வரி பின்னாலிருந்து.

நான் தலை குனியவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

“உந்தக் குழாயை இஞ்சால தாங்கோ, நானும் கேப்பம்,” என்று விமலேஸ்வரி கை நீட்டினார்.

வாங்கி மாட்டிக்கொண்டு மகளின் முதுகில் வைத்துக் கேட்டார். வாய் சற்றுத் திறந்தபடி இருந்தது. பிறகு டொக்டரிடம் திரும்பினார்.

“பிள்ளை, முட்டுக்கு மருந்து இழுக்கிற பம்ப் எப்பிடிப் பாவிக்கிறதெண்டு எனக்கும் காட்டித் தாங்கோ. எங்கட வீட்டிலயும் அறுவடைக்குத் தூசி பறக்கும்.”