கழித்த இரண்டு அங்குலம்

கல்லூரிகள் தங்கள் கூடைப்பந்து ஆட்டக்காரர்களுக்கு அச்சிட்டுத் தரும் உயரத்தை ரோலண்ட் பீச்சம் ஒருநாளும் நம்பியதில்லை. அணிக்கு ஆள் தேடி அலையும் எந்த ஸ்கவுட்டும் நம்புவதில்லை. ஆறடி நான்கு என்று போட்டிருந்தால் ஆறடி இரண்டு. ஆறடி இரண்டு என்றால் ஆறடி. கல்யாணத் தரகர் சொல்லும் சம்பளத்தைப் பெண் வீட்டார் கேட்டுக்கொள்வது போலத்தான். ஷூவுக்கு ஒன்று, பெருமைக்கு ஒன்று என்று இரண்டு அங்குலத்தைக் கழித்துவிட்டுத்தான் மேற்கொண்டு யோசிப்பார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. தொழிலுக்கு வந்த முதல் வருடமே கை தானாகக் கழிக்கப் பழகிவிடும்.

கல்லூரி ஆறடி இரண்டு என்று போட்டிருந்த கீனன் ராலியைப் பற்றிய அறிக்கையிலும் ரோலண்ட் அப்படித்தான் எழுதியிருந்தார். "நல்ல கண். பந்தை விடுவதற்கு முன்பே யார் எங்கே ஓடுவான் என்று தெரிந்து வைத்திருக்கிறான். ஆனால் உயரம் ஆறடி. வளையம் வரை போகப் பயப்படுகிறான், நடுவழியிலேயே பந்தை உயரத் தூக்கிப் போட்டுவிடுகிறான். தொழில்முறை ஆட்டத்தில் தாக்குப்பிடிப்பது கஷ்டம்." மற்ற அணிகளின் ஸ்கவுட்டுகளும் ஏறக்குறைய இதையேதான் எழுதியிருப்பார்கள். பையன் குள்ளம் என்று முடிவு கட்டியாகிவிட்டது.

அந்த ஏப்ரல் காலையில் இண்டியானா மாநிலத்தில் அவன் படித்த சின்னக் கல்லூரிக்கு ரோலண்ட் வந்ததுகூட கீனனுக்காக இல்லை. அவனுடைய அணியில் வளையத்தடியில் ஆடும் ஏழடி சென்டரைப் பார்க்கத்தான். அந்த மலைக்குப் பக்கத்தில் யார் நின்றாலும் பொடியனாகத்தான் தெரிவார்கள். சீசன் முழுக்க மேல் வரிசையில் உட்கார்ந்து பார்த்த ரோலண்டுக்கும் அப்படித்தான் தெரிந்தது.

ஆனால் அன்றைக்குப் பயிற்சியை ஓரத்தில் நின்று பார்த்தபோது அவர் கண் கீனனை விட்டு நகரவில்லை. தடுக்க வந்தவன் ஒரு அடி பின்னால் வைத்ததும் கீனன் வேகத்தைக் குறைப்பான். அவன் மூச்சு விடுவதற்குள் விருட்டென்று தாண்டிவிடுவான். சென்டரின் கைக்குப் பந்து எப்போதும் அவன் கேட்பதற்கு ஒரு கணம் முன்னால் போய்ச் சேர்ந்தது. பெரியவன் நன்றாக ஆடுகிறான் என்று வந்திருந்த மற்ற ஸ்கவுட்டுகள் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அவனை ஆட வைப்பது யார் என்று ரோலண்டுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை மாதம் இதை எப்படிக் கோட்டை விட்டேன் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

பயிற்சி முடிந்ததும் கீனன் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெறும் காலுறையோடு வந்து கைகொடுத்தான். ரோலண்ட் சரியாக ஆறடி. ஷூ வேறு போட்டிருந்தார். கணக்குப்படி பையனைக் கொஞ்சம் குனிந்துதான் பார்த்திருக்க வேண்டும். அவரோ நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நேராகப் போய்ப் பயிற்சியாளர் ஹார்லன் ஸ்டக்கியைப் பிடித்தார். ஸ்டக்கி ஞாயிறு தவறாமல் மாதா கோவிலில் முதல் வரிசையில் உட்காருகிற ஆள். குடிப்பதும் இல்லை, சிரிப்பதும் அபூர்வம். நீங்கள் போடுகிற உயரம் எப்படி எடுத்தது என்று ரோலண்ட் கேட்டதற்கு அவர் விநோதமாகப் பார்த்தார்.

"செவுத்துல நிக்க வெச்சு, வெறுங்காலோட அளப்பேன். வேற எப்படி அளப்பாங்க?"

"மத்த காலேஜ்ல எல்லாம் கூட்டிப் போடுவாங்களே, கோச்."

"அது அவங்க பாவம். நான் ஏன் பொய் சொல்லணும்?"

ஆக, இந்த மாநிலத்திலேயே உண்மையை அச்சிடும் ஒரே கல்லூரி இது. அதன் பலன், பையனுக்கு இரண்டு அங்குலம் போய்விட்டது.

கார் நிறுத்துமிடத்தில் நின்று ரோலண்ட் தன் மேலாளர் மிட்ச் கார்வினோவை அழைத்தார். டிராஃப்ட்டில், அதாவது அணிகள் முறை வைத்துச் சுற்றுச் சுற்றாகப் புது ஆட்டக்காரர்களைப் பொறுக்கிக்கொள்ளும் நாளில், யாரை எடுப்பது என்று கடைசியில் முடிவு செய்கிறவர் மிட்ச்தான். பையன் நிஜமாகவே ஆறடி இரண்டு என்று சொன்னார். மிட்ச் மெதுவாகச் சிரித்தார்.

"இது யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப வாயைத் திறக்காத. சிகாகோவுல அளவெடுக்கற முகாமுக்கு அவனை யாரும் கேக்கல. நாமளும் கேக்க வேணாம். நமக்கு ரெண்டாவது சுத்துலதான் முறை, அப்ப அலுங்காம எடுத்துக்கலாம். கோடையோட உன் ஒப்பந்தம் முடியுதில்ல? இவனைக் கொண்டு வந்து குடு, உன் நாற்காலிக்கு நான் பொறுப்பு."

ரோலண்டுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் வேறு அணிக்கு ஏறி இறங்கும் தெம்பு அவருக்கு இல்லை. அதே நேரம், மிட்ச் சொன்னதன் மறுபக்கமும் அவருக்குத் தெரியும். முதல் சுற்றில் போகிறவனுக்கு ஒப்பந்தம் உறுதி, அணியும் அவனைப் பொறுமையாக வளர்க்கும். இரண்டாவது சுற்றில் போகிறவனை ஒரு மோசமான வாரத்துக்குப் பிறகு பெட்டியைக் கட்டச் சொல்லலாம். அப்படிக் கட்டிய எத்தனையோ பேரை விமான நிலையத்தில் விட்டு வந்தவர் அவர்.

உள்ளே திரும்பியபோது கீனன் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தான். சும்மா போயிருக்கலாம். ஆனால் தொழில் புத்தி விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, வளையம் வரை போகாமல் நடுவழியிலேயே ஏன் பந்தைத் தூக்கிப் போடுகிறாய், நேராகப் போய் வைக்கலாமே என்று கேட்டார்.

"நான் குள்ளம்னு எல்லா ரிப்போர்ட்லயும் எழுதியிருக்காங்களாமே சார். எங்க ஏஜென்ட் சொன்னாரு. உள்ள போனா பெரியவங்க தட்டிருவாங்கன்னு, போன கோடை பூரா இந்தத் தூக்கிப் போடறதையே பழகினேன்."

"முன்னாடி உள்ள போவியா?"

"ஹைஸ்கூல்ல போவேன் சார். அப்ப நான் குள்ளம்னு எனக்குத் தெரியாது."

விளையாட்டாகத்தான் சொன்னான். ரோலண்டுக்குச் சிரிப்பு வரவில்லை. தாளில் அவர்கள் கழித்த இரண்டு அங்குலத்தைப் பையன் தன் ஆட்டத்திலும் கழித்துக்கொண்டிருந்தான். பயம் என்று தான் எழுதியது பயம் அல்ல, கீழ்ப்படிதல். அவருக்கு வெட்கமாக இருந்தது.

அப்போது ட்வைட் பெல்லமி காபிக் கோப்பையோடு வந்து சேர்ந்தான். வேறொரு அணியின் ஸ்கவுட். ஒரு காலத்தில் தொழில்முறை ஆட்டக்காரன். இருவரும் இருபது வருடமாக ஒரே மோட்டல்களில் தங்கி, ஒருவரையொருவர் ஏமாற்றிப் பிழைப்பவர்கள். அவனுடைய அணிக்கு முதல் சுற்றின் நடுவிலேயே முறை வரும், அந்த அணி கீனனைப் போல ஆட்டத்தை நடத்தும் ஒரு கார்ட் இல்லாமல் அல்லாடிக்கொண்டிருந்தது. ரோலண்ட் அவனைச் சற்றுத் தள்ளி அழைத்துப் போனார்.

"அந்தப் பையன் ராலி இருக்கானே, நெசமாவே ஆறடி ரெண்டுடா."

ட்வைட் காபி சிந்தச் சிரித்தான். "யோவ், யாருகிட்ட? நீ ஒருத்தனைத் தூக்கிப் பேசறேன்னா அவன் உனக்கு வேணாம்னு அர்த்தம். என் தலையில கட்டப் பாக்கறியா?"

தான் இத்தனை வருடம் சொன்ன பொய்க்கெல்லாம் சேர்த்து இன்றைக்கு உண்மை அடிபடுகிறது என்று ரோலண்டுக்குப் புரிந்தது. சொல்லிப் பயனில்லை. அவர் கீனனைக் கூப்பிட்டார். "இங்க வாப்பா, இவருக்கு ஒரு கை குடு."

பையன் ஐஸைக் கீழே வைத்துவிட்டு, காலுறையோடு எழுந்து வந்தான். ட்வைட்டுடைய உயரம் ட்வைட்டுக்கு நன்றாகத் தெரியும். டிராஃப்ட் சமயத்தில் ஷூவைக் கழற்றி நிறுத்தி ஆறடி இரண்டு என்று அளந்துவிட்டார்கள் என்று இன்று வரை புலம்புகிறவன். இப்போது அவன் காலில் தடித்த அடி வைத்த ஷூ. அப்படியிருந்தும் இரண்டு பேர் கண்ணும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தன.

ட்வைட்டின் சிரிப்பு நின்றது. பையனின் காலைப் பார்த்தான். முகத்தைப் பார்த்தான். மறுபடியும் காலைப் பார்த்தான். பிறகு கோப்பையை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வேகமாக வெளியே போனான்.

"அவர் ஏன் சார் சட்டுனு போயிட்டாரு?" என்று கேட்டான் கீனன்.

ரோலண்ட் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். மிட்ச்சிடம் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் என்ன சொல்வது என்று அதைவிடத் தெரியவில்லை. கீனன் பக்கம் திரும்பினார்.

"உன்னை எங்க டீமுக்கு எடுக்கலாம்னு இருந்தோம்ப்பா. இனிமே முடியாது."

பையனின் முகம் விழுந்துவிட்டது. "நான் குள்ளம்கறதாலயா சார்?"

"இல்லப்பா. எங்க முறை வர்றதுக்குள்ள நீ போயிருப்ப."