பெயின்டரின் மாதச் சம்பளம்

ஓட்டல் கட்டடத்துக்குப் பெயின்ட் அடித்த பணம் முதல் தேதியன்று மொத்தமாகக் கைக்கு வந்தபோது, பெயின்டர் வீட்டுக்குள் நுழைந்த தோரணையே வேறாக இருந்தது. நோட்டுக்கட்டை மேசைமேல் வைத்தான். பக்கத்திலேயே மோட்டார் சைக்கிள் கடையின் விலைப்பட்டியலையும் விரித்தான். அவன் மனைவி பட்டியலைப் பார்க்கவேயில்லை. கட்டை எண்ணி, வழக்கமான தொகையை மட்டும் பிரித்து அவன் முன்னால் வைத்தாள். மிச்சம் பீரோவுக்குள் போயிற்று.

"என்ன இது?"

"இந்த மாசச் சம்பளம்."

நாலு மாதத்துக்கு முன்பு அவள் போட்ட சட்டம் அது. எவ்வளவு வந்தாலும் அவளிடம் தந்துவிட வேண்டும். முதல் தேதியானால் ஒரே அளவு சம்பளம். வாடகை, மளிகை எல்லாம் அதற்குள். எந்த ஊரில் பெயின்டருக்கு மாதச் சம்பளம் என்று கிண்டலடித்தாலும் அவனும் தலையாட்டியிருந்தான். போன மழைக்காலத்தில் ஸ்ப்ரே மெஷினை அடகு வைத்துத்தான் சாப்பிட்டார்கள். மீட்க முடியாமல் மெஷின் அடகிலேயே முழுகிப்போனது. இப்போது நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறான். இன்னொரு மழை அப்படிப் போனால் ஏணியும் போய்விடும், அப்புறம் யாரிடமாவது கூலிக்கு நிற்க வேண்டியதுதான் என்று அவள் பயந்தாள்.

"நாயா உழைச்சிருக்கேன். என் காசுக்கு நான் உன்கிட்டக் கையேந்தணுமா?"

அவளுக்குச் சுருக்கென்றது. பாவம் மனுஷன், என்ன பெரிதாகக் கேட்டுவிட்டார்? கொடுத்துத் தொலைக்கலாம் என்றுகூட மனசு இளகியது. ஆனால் பீரோ சாவியைப் பிடித்த கை இளகவில்லை.

"ஏங்க, சுவத்துக்குக் கலர் எப்படிக் கலக்குவீங்க?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சொல்லுங்களேன்."

"முழுச் சுவத்துக்கும் சேத்து ஒரே தடவையா கலக்கணும். பாதியில தீந்து மறுபடி கலக்குனா ஷேடு ஒட்டாது."

"டாக்டர் வீட்டு ஹால்ல அப்படித்தானே மாட்டுனீங்க? முழுச் சுவத்தையும் சும்மாவே திரும்ப அடிச்சுக் குடுத்தீங்க. வருஷமும் ஒரே சுவருதாங்க. பீரோவுல இருக்கறது மழைக்கும் சேத்துக் கலக்குனது."

அவன் பட்டியலை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். இரண்டு நாளைக்கு, உப்பு வேண்டுமென்றாலும் சுவரைப் பார்த்துத்தான் கேட்டான். அவள் அசரவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. இருபத்திரண்டு நாள் ஒரு தூரிகைகூட நனையவில்லை. முதல் தேதி காலையில் அவன் எதுவும் கேட்காமல் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தான். அவள் பணத்தைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள். எண்ணினான். ஒரு நோட்டுக் குறையவில்லை.

"வேலையே செய்யலையே."

"முதலாளி குடுத்தா வாங்கிக்கங்க."

"அடுத்த மாசம்?"

"நீங்களே பாருங்க."

சாவியை நீட்டினாள். அவன் பீரோவைத் திறந்து, தனித்தனியாக ரப்பர் பேண்டு போட்டிருந்த மூன்று கட்டுகளை வெகுநேரம் பார்த்தான். மூடிவிட்டு வந்தான். சாவியை அவளிடமே திருப்பிக் கொடுத்தான்.

போன மழையில் இரவு பகலாக ஜன்னலோரம் நின்று வானத்தைத் திட்டிக்கொண்டிருந்த மனுஷன், அன்று பட்டப்பகலில் பாயை விரித்துப் படுத்தான். வெளியே கொட்டு கொட்டென்று கொட்டியது. அதையும் மீறிக் கேட்டது அவன் குறட்டை.