யானை படம் போட்ட துணி

“அதை அவிழ்க்காத.”

ஈரத்துணியோடு குனிந்திருந்த மச்சினி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். கட்டிலில் உயிரில்லாமல் கிடந்த அக்காளின் முகத்தைத் துடைத்து முடித்து, இடது மணிக்கட்டில் சுற்றியிருந்த துணியின் முடிச்சை அப்போதுதான் விரலால் தளர்த்தியிருந்தாள்.

“அழுக்கா இருக்கு மாமா. கையைத் துடைச்சிட்டு...”

“இருக்கட்டும். யாரு கட்டினதுன்னு தெரியாம அது அங்கேருந்து நகராது.”

ஆஸ்பத்திரிக் கட்டு வெள்ளையாக இருக்கும். இது ஏதோ பழைய திரைச்சீலையில் கிழித்த துண்டு. சாயம் போன யானைகள் வரிசையாக நடந்துகொண்டிருந்தன.

மூட்டை தூக்கும் சிமெண்ட் கிடங்கில் அக்காளின் புருஷனுக்குத் தராசு என்று பெயர். எந்த மூட்டையையும் முதுகில் ஏற்றுமுன் ஒரு தடவை தூக்கிப் பார்த்து, “இதுல குறையுது” என்பான். பெரும்பாலும் குறைந்துதான் இருக்கும். அங்கே ஒருமுறை அடுக்கின் உச்சியிலிருந்து ஒருவன் விழுந்தான். போலீஸ் வருவதற்குள் மேலாளர் உள்ளே ஓடி, அதுவரை யாரும் கண்ணால் கண்டிராத புதுத் தலைக்கவசம் ஒன்றைக் கொண்டுவந்து உடைந்த தலையில் மாட்டிவிட்டார். செத்தவன் உடம்பில் புதிதாக எது ஏறினாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று அன்றைக்கு அவனுக்குப் புரிந்தது.

“பிள்ளைங்க விளையாட்டுக்குக் கட்டியிருக்கும் மாமா. அக்காதான் சொல்லுமே.”

சொல்லுவாள்தான். குழந்தைகள் காப்பகத்தில் ஆயா வேலை. மூக்குத் துடைப்பது, தரை துடைப்பது போக, மதியத்தில் நோயாளியாகப் படுப்பதும் அவள் வேலை.

“டாக்டரா இருக்க எல்லாத்துக்கும் ஆசை. நோயாளியா படுக்க ஒண்ணுக்கும் மனசு வராது. அப்புறம் நான்தானே?” என்று சிரிப்பாள்.

“படுத்துக் கிடக்கறதுக்குமா சம்பளம் தர்றாங்க?”

“நீங்க வேற. அடுத்தவங்களுக்கு வலிச்சா எப்படி இருக்கும்னு பிள்ளைங்களுக்குப் புரியணுமாம். ஒருநாள் நான் கால் ஒடிஞ்ச குருவி, ஒருநாள் பொம்மையைத் தொலைச்ச பாப்பா. பெரியவங்க யாரும் நடுவுல புகக்கூடாது, அது டீச்சரோட சட்டம். இடுப்பு செத்துப் போனாலும் சரி, பிள்ளை ‘சரியாயிடுச்சு’ன்னு சொல்ற வரைக்கும் நான் எந்திரிக்கக் கூடாது.”

ஆனால் நேற்று டீச்சர் போனில் சொன்னது வேறு. பிள்ளைகள் எல்லாம் போன பிறகு, தரை துடைக்கும்போது மயங்கி விழுந்துவிட்டாள், உடனே தூக்கிக்கொண்டு ஓடினோம்.

பிள்ளைகள் போன பிறகு எது விளையாட்டு? தரை துடைத்துவிட்டு வரும் நாளெல்லாம் அவள் புடவை முழங்கால் வரை நனைந்திருக்கும். நேற்று ஆஸ்பத்திரியில் அவன் தொட்டுப் பார்த்தான். காய்ந்த புடவை. நெஞ்சுவலி என்ற டாக்டர் இன்னொன்றும் சொன்னார், கொஞ்சம் முன்னாடியே கொண்டுவந்திருக்கலாம் என்று. ‘உடனே’வையும் ‘முன்னாடியே’வையும் அவன் மனசுக்குள் மாறி மாறித் தூக்கிப் பார்த்தான். எடை ஒத்துவரவில்லை. யாரோ பிடித்து இழுத்திருக்கிறார்கள். கை பிசகியிருக்கிறது. அதை மறைக்கத்தான் இந்த யானைகள்.

வாசலில் நிழல் விழுந்தது. டீச்சர் பூக்களோடு நின்றாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அவளுடைய சின்ன மகள்.

“உள்ள வாங்க டீச்சர். வெளியவே நின்னா எப்படி? உங்ககிட்ட வேலை பார்த்தவதானே?”

மச்சினி கண்ணால் அவனை அடக்கினாள். அவன் அடங்கவில்லை.

“அவ கையில என்னாச்சு?”

“அது... விழுந்தப்போ லேசா அடிபட்டு...”

“யாரு கட்டினா?”

“நான்தாண்ணே. அவசரத்துல, கைக்குக் கிடைச்ச துணியை...”

அதற்குள் குழந்தை முந்தானையை விட்டுவிட்டுக் கட்டிலருகே வந்துவிட்டது. எட்டிப் பார்த்து, முகத்தைச் சுளித்தது.

“ஆயா கட்டு கழண்டுடுச்சு.”

தராசு மெல்லக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

“இது நீ கட்டினதா கண்ணு?”

“ஆமா. நான்தான் டாக்டர்.”

“பாப்பா, வா போலாம்.” டீச்சர் வாசலிலிருந்தே கை நீட்டினாள்.

“இருங்க. அது பேசட்டும். நடுவுல புகாதீங்க, உங்க சட்டம்தானே?” திரும்பாமலே சொன்னான். “நீ சொல்லு கண்ணு. எதுக்குக் கட்டினே?”

“ஆயா படுத்துட்டாங்க. எங்க வலிக்குதுன்னு கேட்டேன். கை வலிக்குதுன்னாங்க.”

“எந்தக் கை?”

“இதான். அதான் கட்டிட்டேன்.”

“அப்புறம்?”

“தண்ணி குடுத்தேன். கப்புல தண்ணி கிடையாது, சும்மாதான். ஆனா குடிச்சாங்க.” குழந்தை உதட்டைக் குவித்துக் காட்டியது. “அப்புறம் அழுதாங்க. டீச்சர் சொல்லிக்குடுத்த மாதிரி தலையைத் தடவிவிட்டேன். நான் இங்கயே இருக்கேன், பயப்படாதீங்கன்னு சொன்னேன். தூங்கிட்டாங்க.”

தராசு கட்டில் காலைப் பிடித்துக்கொண்டான்.

“சரியாயிடுச்சுன்னு சொன்னியா?”

“சொன்னேனே. எந்திரிக்கல.”

டீச்சர் கையிலிருந்த பூக்கள் நிலைப்படியில் கொட்டின.

“நான் கதவுகிட்ட வந்தேண்ணே. பார்த்தேன். இவ தலையைத் தடவிட்டிருந்தா. எவ்வளவு அழகா விளையாடுறாங்க, கலைக்கக் கூடாதுன்னு... அப்படியே திரும்பிப் போயிட்டேன். மறுபடி வந்து பார்க்கும்போது...” மூச்சு வாங்கினாள். “பிள்ளை மேல ஒரு பேச்சு வந்துடக் கூடாதுன்னுதான் மாத்திச் சொன்னேன்.”

நேற்றிலிருந்து அவன் நாக்கில் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் நிறைய இருந்தன. எல்லாம் இவளுக்காகச் சேர்த்தவை. வாயைத் திறந்தான். குழந்தை அவன் முழங்கையைத் தள்ளிக்கொண்டு கட்டிலில் சாய்ந்து, அவிழ்ந்த நுனிகளை ஒன்றின் மேல் ஒன்று போட்டுப் பார்த்தது. முடிச்சு நிற்கவில்லை.

“எனக்கு வரல. நீங்க கட்டுங்க.”

மச்சினி அவனைப் பார்த்தாள். டீச்சர் வாசலைத் தாண்டாமல் அங்கேயே நின்றாள்.

சிமெண்ட் அரித்து வெடித்த விரல்களால் தராசு துணியை எடுத்தான். யானைகள் கலையாமல் நீவிவிட்டுச் சுற்றினான். மூட்டை கட்டிப் பழகிய கை, பழக்கத்தில் சுண்டி இழுத்தது.

“ரொம்ப இறுக்காதீங்க,” என்றது குழந்தை. “வலிக்கும்.”

அவன் முடிச்சைத் தளர்த்தினான். போதுமா என்று பார்க்க, துணிக்கும் அவள் மணிக்கட்டுக்கும் நடுவே ஒரு விரலை நுழைத்தான்.

நுழைத்த விரலை வெளியே எடுக்கவில்லை.