ஸ்தோத்திரம் என்றால் தண்ணீர்

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பாதி மாடியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் வெளியே நின்றபடியே பேச்சுக் கொடுத்து, கதவு திறப்பதற்குள் அவர்களைச் சிரிக்க வைத்துவிடுவார். அப்படி ஒரு வாய். வீட்டிலும் ஓயாது. மாலையில் வேதம் வாசிக்க உட்கார்ந்தால் ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு பிரசங்கம் வரும். நான் உட்கார்ந்தபடியே காய் நறுக்கி முடித்துவிடுவேன்.

அந்த வாயில் பக்கவாதம் ஒரே ஒரு வார்த்தையைத்தான் மிச்சம் வைத்தது. ஸ்தோத்திரம்.

வலது கையும் காலும் விழுந்துவிட்டன. புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. நாம் சொல்வது எல்லாம் புரிகிறது, சொல்ல வேண்டியதும் உள்ளே இருக்கிறது. ஆனால் எதைச் சொல்ல வாயைத் திறந்தாலும் அந்த வார்த்தைதான் வந்து விழும். தண்ணீர் வேண்டுமென்றால் ஸ்தோத்திரம். ஜன்னலைச் சாத்து என்பதற்கும் ஸ்தோத்திரம். கஞ்சியில் உப்பு இல்லை என்றால் முகம் சுளித்த ஒரு ஸ்தோத்திரம். நாளாக ஆக எனக்குப் பிடிபட்டது. நீட்டிச் சொன்னால் தண்ணீர், வெட்டிச் சொன்னால் பாத்ரூம், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால் எனக்குத் திட்டு. கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு பக்தியாக அவர் என்னைத் திட்டியதே இல்லை.

சபையார் பார்க்க வந்தார்கள். எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால் முதலில் சொல்வதே ஸ்தோத்திரம்தான். அவர்கள் சொன்னார்கள், இவரும் சொன்னார். கை வலிக்கிறதா என்று கேட்டார்கள். ஸ்தோத்திரம் என்றார். தூக்கம் வருகிறதா என்றார்கள். அதற்கும் ஸ்தோத்திரம். கேட்டவர்கள் உருகிப்போனார்கள். இப்படிப் படுத்த படுக்கையிலும் துதிக்கிறாரே, நமக்கு இந்த விசுவாசம் உண்டா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் பக்கத்தில் நின்று, அவர் முதுகுக்குத் தலையணை கேட்கிறார் என்று சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

எல்லாரையும்விட என் நாத்தனார்தான் மோசம். இவருக்கு அக்கா, தாயில்லாப் பிள்ளையாக இவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். இப்போது சபையில் பெண்கள் ஜெபக்குழுவுக்குத் தலைவி. ஆண்டவர் தன் தம்பியின் வாயிலிருந்து வீண் பேச்சையெல்லாம் எடுத்துவிட்டுத் துதியை மட்டும் வைத்திருக்கிறார் என்று போகிற இடமெல்லாம் சாட்சி சொன்னார். எனக்கு அது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது போல இருந்தது. என்னைச் சிரிக்க வைத்த பேச்செல்லாம் வீண் பேச்சா?

"அண்ணி, அவர் துதிக்கல. தண்ணி கேக்குறார்" என்று ஒருநாள் சொல்லியே விட்டேன். விசுவாசம் இல்லாத பெண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோமே என்று பார்ப்பது போல என்னை ஒரு பார்வை பார்த்தார்.

பிறகு எங்கள் வீட்டிலேயே ஜெபக்கூட்டம் வைத்தார். என்னிடம் கேட்கவில்லை. எங்கள் முன்னறையில் ஒரு கட்டிலும் தையல் மிஷினும் போட்டால் மிச்சம் இருப்பது நடக்கிற இடம்தான். அதில் நாற்காலியோடு நாற்காலி ஒட்டிப் போட்டு உட்கார்ந்து பாடினார்கள். நான் சமையலறையில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பாட்டுக்கு நடுவில் என் கணவர் குரல் கேட்டது. வெட்டிச் சொன்ன ஸ்தோத்திரம். அறை முழுக்க "அல்லேலூயா" என்றது. மறுபடி சொன்னார், இன்னும் அவசரமாக. இன்னும் சத்தமாக அல்லேலூயா. முழங்கால்களையும் கைப்பைகளையும் தாண்டி நான் கட்டிலுக்குப் போய்ச் சேருவதற்குள் விரிப்பு நனைந்துவிட்டது. அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, மெதுவாக, இன்னொரு தடவை அதையே சொன்னார். பின்னால் யாரோ கை தட்டினார்கள்.

எல்லாரும் எழுந்து போங்கள் என்றேன். போனார்கள். சபைப் போதகரும் தலையைக் குனிந்துகொண்டு போனார். நாத்தனார் மட்டும் வாசலில் நின்று, விசுவாசம் இல்லாத வீட்டில் சுகம் எப்படி வரும் என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்றோடு நான் ஜெபிப்பதை விட்டேன். கோபம் சபையார் மேல் பாதிதான். மீதி ஆண்டவர் மேல். இத்தனை வருஷம் அவரைப் பற்றியே பேசிய வாய்க்கு இதுதானா கூலி? ஒரே ஒரு வார்த்தையைத்தான் விட்டுவைப்பது என்றால், 'தண்ணி' என்பதை விட்டுவைத்திருக்கக் கூடாதா? காரியத்துக்காவது ஆகியிருக்கும்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் எங்கள் மதத்தவள் இல்லை. இவருக்கு மனப்பாடமாகத் தெரிந்தது என்ன, பாட்டா, கதையா என்று கேட்டாள். வேதம்தான் என்றேன். அப்படியென்றால் அதையே தினமும் சத்தமாக வாசியுங்கள், ஒரு வார்த்தையை மிச்சம் வைத்து நிறுத்துங்கள், பழகிய வாய் தானாக முடிக்கப் பார்க்கும் என்றாள். மூன்று வேளை மாத்திரை சொல்வது போலச் சொன்னாள். ஜெபத்தை விட்டவளுக்கு வேதம் வாசிக்கச் சொல்லி மருத்துவச் சீட்டு. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

வாசித்தேன். அவர் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்த பக்கங்கள் எல்லாம் ஆறுதல். ஆண்டவர் என் மேய்ப்பன், என் கன்மலை, அவருடைய செட்டையின் நிழல். ஒவ்வொன்றிலும் கடைசி வார்த்தைக்கு முன்னால் நிறுத்தினேன். அவர் உதடு கோணும், கழுத்து நரம்பு புடைக்கும், கடைசியில் ஸ்தோத்திரம் என்று விழும். இடது கையால் கட்டிலில் ஓங்கி அடிப்பார். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இந்த அம்மி நகர்வதாக இல்லை.

நான் ஒரு துணிக்கடையில் அளவு திருத்தித் தைப்பவள். அன்றைக்கு ஒரு கால்சட்டையைப் பிரித்துத் தைத்து, மறுபடி பிரித்துத் தைத்து, அதற்கும் பேச்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தேன். கன்மலை என்ற வார்த்தையைப் பார்த்ததும் எரிச்சலாக வந்தது.

"இன்னைக்கு உங்களுக்காக வாசிக்கல. எனக்காக வாசிக்கிறேன்" என்றேன்.

சிவப்புக் கோடு விழாத பக்கமாகத் தேடினேன். வேதத்தில் உள்ள பாட்டுகளில் குட்டிச் சங்கீதம் ஒன்று அகப்பட்டது. என்னை மறந்தே போனீரா, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருப்பீரா என்று ஒரு மனுஷன் ஆண்டவரிடமே நேருக்கு நேர் நியாயம் கேட்கிறான். 'எதுவரைக்கும்' என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான். குழாயடியில் சண்டை போடுவது போலத்தான் நான் அதை வாசித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். பயிற்சிக்காக நிறுத்தவில்லை. என்னால் முடியவில்லை.

"எதுவரைக்கும்" என்றார் அவர்.

மறுபடி சொன்னார். உடைந்த குரல்தான், ஆனால் வார்த்தை முழுசாக இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக் கேட்டார். கண்ணிலிருந்து நீர் காதுக்குள் வழிந்தது. நான் ஒருத்திதான் ஆண்டவரோடு சண்டை போடுகிறேன், இவர் உள்ளே சமாதானமாக இருக்கிறார் என்று நானும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சில நாள் கழித்துப் போதகர் வந்தார், நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு. கூட்டத்தில் நடந்ததற்கு வருந்துகிறேன் என்று என்னிடமும், பிறகு கட்டிலுக்கு அருகே குனிந்து அவரிடமும் சொன்னார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"எதுவரைக்கும்" என்றார் என் கணவர்.

நாத்தனாருக்கு முகம் வெளுத்துவிட்டது. முறுமுறுக்கக் கூடாது தம்பி, எப்போதும் சொல்வாயே அதைச் சொல் என்றார். இவர் தலையை ஆட்டி மறுத்தார். உடனே நாத்தனார் என் பக்கம் திரும்பினார்.

"நீதான் சொல்லிக் கொடுத்திருக்க."

"வேதத்துல இருக்கு அண்ணி. வேணும்னா எடுத்துக் காட்டுறேன். அவர் உங்ககிட்டயும் கேக்கல, என்கிட்டயும் கேக்கல. ஆண்டவர்கிட்டதான் கேக்குறார். கேக்கட்டுமே."

போதகர் ஏதாவது விளக்கம் சொல்வார் என்று பார்த்தேன். அவர் ஜெபிப்போம் என்று கண்ணை மூடினார். ஆனால் தொடங்கவில்லை. கட்டிலில் இருப்பவர் தொடங்கட்டும் என்று விட்டுவிட்டார் என்பது எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது.

என் கணவர் கேட்டார். எதுவரைக்கும். இன்னொரு தடவை கேட்டார். அவரோடு சேர்ந்து நானும் கேட்டேன். ஜெபத்தை விட்டவள் நான். அது ஜெபம்தான் என்று வாயிலிருந்து வந்த பிறகே தெரிந்தது. நெஞ்சில் இருந்த கோபம் ஒன்றும் குறையவில்லை. அதைக் கொண்டுபோய் இறக்க ஒரு இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

நாத்தனார் வழக்கம்போல வேக வேகமாக ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எங்கள் சத்தத்தை மூடிவிட வேண்டும் என்பது போல இருந்தது. நாங்கள் கேட்கக் கேட்க அந்த வேகம் தளர்ந்தது. பிறகு நின்றேவிட்டது. கண்ணைத் திறந்து பார்த்தேன். கட்டிலில் விழுந்து, தம்பியின் அசையாத வலது கையை எடுத்துத் தன் கன்னத்தில் அழுத்திக்கொண்டிருந்தார்.

"எதுவரைக்கும் ஆண்டவரே, என் பிள்ளைய இப்படிப் போட்டு வச்சிருப்பீர்?" என்று கேட்டார்.

தம்பி என்று சொல்லவில்லை.